வலதுபக்கக் கல்

திரையில் மஹதியின் பச்சைக் கவச வீராங்கனை இடதுபக்கக் கல்லில் நிற்கிறாள். வலதுபக்கக் கல் காலி. இரண்டு கல்லிலும் ஆள் நின்றால்தான் இரும்புக் கதவு திறக்கும். ஏழு வயதிலிருந்து அவளும் வகுப்புத் தோழன் ரோஹித்தும் இப்படித்தான் ஒவ்வொரு கதவாகத் திறந்திருக்கிறார்கள். அவன் அப்பாவுக்கு விசா கேன்சலாகி, குடும்பமே மதுரைக்குப் போய்விட்டது. "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நாலு மணிக்கு வா. இதுக்கும் வரலைன்னா அவ்வளவுதான்" என்று ஆட்டத்தின் செய்திப் பெட்டியிலேயே மிரட்டியிருந்தான். வளைகுடாவில், இந்த ஈசா டவுனில், வெள்ளி சனிதான் விடுமுறை; ஞாயிறு பள்ளி உண்டு. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஏசி உறுமுகிறது. திரைச்சீலை இடுக்கில் நாலு மணி வெயில். அம்மா ஜெயலட்சுமி டீயை வைக்கிறாள். "ரோஹித்துக்கா காத்திருக்கே? மதுரையில இப்ப ஆறரை ஆச்சேடி!" மஹதி செய்திப் பெட்டியைத் திறக்கிறாள். 'ஒரு மணி நேரமா கல்லு மேலயே நிக்கறேன். புது ஃப்ரெண்டு கிடைச்சாச்சுன்னு சொல்லியிருக்கலாம். பை.' கீழே, அவன் பெயர் இருந்த இடத்தில், 'இந்தக் கணக்கு நீக்கப்பட்டது.' "போன் பண்ணிச் சொல்லேன்டி." "நம்பர் மாஃபிம்மா, எங்கிட்ட இல்லவே இல்ல. நாங்க இதுலதானே பேசுவோம்." டீயில் ஆடை படிகிறது. வீராங்கனை கல்லை விட்டு இறங்கவில்லை.