பேக்கரி மாடிப்படி

இதயக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தும் தையல்காரருக்கு ரத்தத்தில் அழற்சி இறங்கவில்லை.

"கொழுப்பு குறைஞ்சிருச்சு. ஆனா அது மட்டும் குற்றவாளி இல்ல," என்றார் இதய டாக்டர். "நம்மளக் காக்குற வெள்ளணுக்களே ரத்தக்குழாய்ச் சுவருக்குள்ள புகுந்து, கொழுப்பைத் தின்னு வீங்கி, அங்கேயே படுத்துடும். காவல்காரனே வழியை அடைச்ச மாதிரி. எங்கேயோ ஒரு புண் அதுங்கள உசுப்பிவிடுது. இப்படியே போனா மறுபடியும் அடைப்பு வரலாம்."

தையல்காரர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒரு கீறல்கூட இல்லை.

மனைவி தீர்ப்பே எழுதிவிட்டாள்: திருட்டுத் தீனி. நெய்யும் சர்க்கரையும் அலமாரிக்குள் போயின. சாவி அவள் இடுப்பில்.

விஷயம் கேட்டு மகள் புருஷனோடு கிளம்பி வருவதாகச் சொன்னாள். தையல்காரர் குதித்தார். "நீ வா. அந்தப் பல்பிடுங்கி என் வீட்டுப் படி ஏறக் கூடாது." மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை. கல்யாணத்துக்கே அவர் போகவில்லை. பேத்திக்குக் கவுன் தைத்து அனுப்புவதோடு சரி.

கொஞ்ச நாளில் அவர் சாயங்காலமானால் கடையைச் சாத்திவிட்டு நழுவ ஆரம்பித்தார். கேட்டால் நடைப்பயிற்சி என்றார். நடைப்பயிற்சி பேக்கரி வாசலில் முடிவதாகப் பக்கத்துக் கடைக்காரி போட்டுக்கொடுத்தாள்.

மனைவி பின்தொடர்ந்தாள். கையும் களவுமாகப் பிடித்து, நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிடுவது என்று முடிவு.

அவர் பேக்கரிக்குள் நுழையவில்லை. பக்கத்து மாடிப்படியில் ஏறினார்.

இவளும் மூச்சு வாங்க ஏறிக் கதவைத் தள்ளினாள். சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்தபடி அவர். பக்கத்தில் முகமூடி போட்ட ஒருவன்.

"வாங்க அத்தை," என்றான் முகமூடியை இறக்கி. "மாமா நூலைப் பல்லால கடிச்சுத்தானே அறுப்பார்? பாப்பா கவுன்ல நூல் நுனியெல்லாம் ரத்தக்கறை. கவுனை எடுத்துக்கிட்டு நேரா கடைக்கே போய் நின்னேன். எடுத்துக்கிட்டு நேரா கடைக்கே போய் நின்னேன். வீட்டுல சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார், அதான் சாயங்காலமா வந்து இந்த சிநேகிதன் கிளினிக்ல வச்சுப் பார்க்கிறேன். ஊசியைவிட உங்களை நினைச்சாத்தான் அவருக்குப் பயம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "அப்போ போன வாரம் ரத்தத்துல அழற்சி இறங்கிடுச்சுன்னு டாக்டர் சொன்னது என் பூட்டால இல்லையா?" என்றாள்.

தையல்காரர் எழுந்து வாயைக் கொப்பளித்துத் துடைத்தார்.

"பூட்டாவது சாவியாவது. இறக்கினது என் மாப்பிள்ளை."