தண்ணீர் பிடிக்க வந்த படகு

அவள் வீசிய கயிறு தண்ணீரில் விழுந்தது.

பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதெல்லாம் அவளுக்குக் கேட்டது.

சொட்டச் சொட்டக் கயிற்றை இழுத்துச் சுருட்டினாள்.

காற்று கரையிலிருந்து வீசியது. படகின் மூக்கை மிதவை மேடையிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் படகு, கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தது. அதில் ஒரு கீறல் விழுந்தால் இவர்கள் நடந்துதான் ஊர் போய்ச் சேர வேண்டும்.

மலேசியாவின் லங்காவித் தீவு. வெள்ளிக்கிழமை மதியம்.

கயிறு வாங்கிக் கட்டுகிற ஆட்கள் ஒருவர் விடாமல் தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

காலையிலேயே வந்திருக்கலாம். பாஸ்போர்ட் முத்திரையெல்லாம் முந்தின நாளே பக்கத்துத் துறையில் முடிந்தாயிற்று. ஆனால் ராகு காலத்தில் நங்கூரம் எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். உலகத்துக் கடலையெல்லாம் கப்பலில் சுற்றி வந்த எஞ்சினியர். ராகு வெள்ளிக்கிழமை எப்போது விலகுவான் என்று தெரிந்தவருக்கு, துறையில் ஆள் எப்போது இருக்கமாட்டான் என்று தெரியவில்லை.

மேடையில் நின்றது ஒரே ஒருத்தி.

மருமகள்.

கூட நின்ற மகன், ஆள் தேடி ஆபீஸ் பக்கம் ஓடியிருந்தான்.

மகன் கேட்காமல் கட்டிக்கொண்ட பெண். மலேசியத் தமிழ். சாதி என்று அவர் வாயால் சொன்னதில்லை, படித்தவர். குடும்பம் தெரியாது என்றார். அவன் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்றார். பெண்ணின் பெயரை யாராவது கேட்டால், என்னவோ பெயர் என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

நாலு வருஷம்.

அப்புறம், ஓய்வுபெற்ற கையோடு தாய்லாந்தில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கினார். கடல் இல்லாமல் தூக்கம் வரவில்லையாம். விமானம் ஏறினால் சாயங்காலத்துக்குள் மலேசியாவில் மகன் வீடு. வாசலை மிதிக்காமல் பிள்ளையைப் பார்க்க மனுஷன் வீட்டையே மிதக்கவிட்டுக்கொண்டு போகிறார் என்று சென்னையில் அவர்கள் குடியிருப்பு முழுக்கச் சிரித்தது. லிஃப்டில் அவளைப் பார்த்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார்கள்.

லங்காவியில் எதற்கு நிற்கிறோம் என்று அவள் கேட்டதற்கு, தண்ணீர் பிடிக்க என்றார்.

தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அவள் பார்த்துவிட்டாள். பார்த்ததைச் சொல்லவில்லை. மகனுக்குப் போன் போட்டதையும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை வீசினாள்.

மருமகள் பிடித்துவிட்டாள்.

நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போனில் தெரிந்ததைவிடக் குள்ளம். முடியைக் கத்தரித்திருக்கிறாள். மாமனார் மாமியாரைப் பார்க்கப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு படகுத்துறைக்கு வந்திருக்கிறாள், பாவம். அரைக்கால் சட்டையில் திரிகிற அத்தனை வெள்ளைக்காரர்களும் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காற்று ஓங்கி ஒரு தள்ளு தள்ளியது.

கயிறு விறைத்தது. விட்டுவிடத் தெரியவில்லை அந்தப் பெண்ணுக்கு. இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி, படகு இழுத்த இழுப்புக்கு மேடை விளிம்பை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வந்தாள்.

படகில் நின்றவள் கத்த வாயெடுத்தாள்.

அதற்குள் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"லோகேஸ்வரி, கையில புடிக்காதம்மா! அந்தக் கொம்புல சுத்து!"

மேடையில் ஆட்டுக் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது ஓர் இரும்பு. மருமகள் குனிந்து அதில் சுற்றினாள். மேலே சுற்றி, கீழே சுற்றி, மளிகைக் கடைப் பொட்டலத்துக்கு நூல் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

படகு நின்றது.

என்னவோ பெயர் என்றவர், முழுப் பெயரையும் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறார். எங்கே வைத்திருந்தாரோ இத்தனை நாளாய்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெட்டுவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் புடவைத் தலைப்பை அடித்துக்கொண்டிருந்த காற்றைப் பார்த்து மனசுக்குள் கும்பிட்டாள். ராகுவையும் விடவில்லை. பள்ளிவாசல் எந்தத் திசை என்று தெரியாததால் பொதுவாகக் கரைப் பக்கம் ஒரு கும்பிடு போட்டாள்.

எஞ்சின் அடங்கியது. அவர் மேடையில் இறங்கி அந்தக் கொம்பின் அருகே போய் நின்றார்.

மருமகள் ஒதுங்கினாள். உள்ளங்கைகளைப் புடவையில் மறைத்துக்கொண்டாள். அவர் அந்தக் கைகள் போன இடத்தைப் பார்த்தார். அப்புறம் முடிச்சைப் பார்த்தார்.

அது முடிச்சே இல்லை.

அடுத்தவர் போட்ட முடிச்சை அவர் விட்டுவைத்ததாகச் சரித்திரம் கிடையாது. பெண்டாட்டி கட்டிய காய்கறிப் பையைக்கூட அவிழ்த்துத்தான் மறுபடி கட்டுவார்.

மருமகள் மூச்சுவிடாமல் நின்றாள். படகின் மேல் அவளும்.

அவர் திரும்பி வந்து, பெட்டியைத் திறந்து, வேறொரு கயிற்றை எடுத்துப் போனார். அந்தப் பொட்டலத்தின் மேல் விரல்கூடப் படாமல், அடுத்த கொம்பில் நிதானமாகக் கட்டினார்.

தூரத்தில் மகன், ஆள் யாரும் கிடைக்காமல், வெறுங்கையோடு ஓடி வந்துகொண்டிருந்தான்.

காபிக்குத் தண்ணீர் வைக்க அவள் கீழே இறங்கினாள்.

எத்தனை பேருக்கு என்று அவரைக் கேட்கவில்லை.