வேப்பிலைக்கு ஒரு அரை நாள்

"அந்த வேப்பிலை பதில் போட்டுச்சா, இல்லையா?"

சுகுமாறன் கேட்ட கேள்விக்கு விஷ்ணுப்ரியா வாயைத் திறப்பதற்குள் அவருடைய கைப்பேசி அலறியது. துறைமுக வாசலிலிருந்து லோரி ஓட்டுநர் தம்புசாமி.

"பாஸ், இன்னும் நம்பர் வரல. நம்ம லோரி எல்லாம் வரிசையா நிக்குது. உள்ள இருக்கறது மீனு, ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்குத் தெரியாதா? வைங்கண்ணே!"

துறைமுக ஊரான கிள்ளானில் ஒரு சரக்குக் கம்பெனிக்கு சுகுமாறன்தான் மேனேஜர். எந்த லோரி எந்தக் கண்டெய்னரை எடுக்க வேண்டும் என்று நம்பர் கொடுப்பது 'தடம்' என்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று 'ஓப்பன் சோர்ஸ்' முறையில் இணையத்தில் இலவசமாகப் போட்டு வைத்தது. பல கம்பெனிகள் அதை ஓசியில் ஓட்டிக்கொண்டிருந்தன. அதைக் கட்டிக் காப்பாற்றுகிற ஆள் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர் வேப்பிலை.

ஒழுங்காக ஓடிய காலத்தில், யார் இந்த வேப்பிலை என்று சுகுமாறன் ஒரு நாளும் கேட்டதில்லை. இன்று காலை தடம் படுத்துவிட்டது. காலையிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயரைத் தவிர வேறு இல்லை.

"பாஸ், வேப்பிலை வந்து..."

"வந்து போயின்னு இழுக்காத. என்ன பதில், அத சொல்லு."

எதிரே இருப்பவரை ஒரு வாக்கியம் முடிக்க விடுவது சுகுமாறனுக்குப் பழக்கமில்லை. சாமியே நேரில் வந்தாலும் இவருக்கு வரம் கொடுத்து முடிக்க முடியாது என்று ஆபிஸில் சொல்லிச் சிரிப்பார்கள். விஷ்ணுப்ரியா கம்ப்யூட்டர் பிரிவு. கெட்டிக்காரிதான். ஆனால் போன மாதம் ஆபிஸ் நேரத்தில் ஏதோ சொந்த வேலையைத் தட்டிக்கொண்டிருந்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

"சரி பண்ண அரை நாள் போதும் பாஸ். ஆனா இப்ப கை வெக்க முடியாது."

"ஏன்? வேப்பிலைக்கு அவ்வளவு கிராக்கியா?"

"வேப்பிலை ஒரு கம்பெனியில வேல செய்யுது பாஸ். ஆபிஸ்ல தடம் வேலைய தொடவே கூடாதுன்னு அங்க மேனேஜர் சொல்லிட்டாரு. வீட்டுக்குப் போயி செஞ்சு செஞ்சு உடம்பு தாங்கல. வாரத்துல ஒரு மத்தியானம், வெள்ளிக்கிழம மட்டும் குடுங்கன்னு கேட்டுப் பாத்தாச்சு. மூணு தடவ."

"குடுக்கலயா?"

"கேட்டு முடிக்கவே விடல."

சுகுமாறனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் கம்பெனியும் தடத்ததான் யூஸ் பண்ணுதா?"

"ஆமா பாஸ். காலையில இருந்து அவங்க லோரியும் நிக்குது."

"அலமாக்! ஓசியில வாங்கி ஓட்டுவானாம், செஞ்சு குடுக்கற ஆளுக்கு அரை நாள் குடுக்க மாட்டானாம்! மூளை இருக்கா அவனுக்கு?"

"அதத்தான் பாஸ் நான்..."

"இரு, நான் இன்னும் பேசி முடிக்கல! நம்மள பாரு. போன மாசம் ஓப்பன் சோர்ஸ் டே கொண்டாடல? எல்லாருக்கும் டி-சட்டை, நாசி லெமாக் சாப்பாடு, ஃபேஸ்புக்ல படம். இந்த மாதிரி ஆளுங்கள நாம எவ்வளவு சப்போர்ட் பண்றோம்!"

"ஆமா பாஸ். டி-சட்டைக்கு ஒரு வாரம் கடை கடையா அலைஞ்சது நான்தான்."

கைப்பேசி மறுபடி அலறியது. தம்புசாமி. "பாஸ், ஐஸ் கரைய ஆரம்பிச்சா..." சுகுமாறன் லைனை வெட்டினார். இந்த மீன் கெட்டால் நாளைக்கு முதலாளி முன்னால் கைகட்டி நிற்கப் போவது தம்புசாமி இல்லை. அவர்தான்.

"அந்த மேனேஜர் நம்பர் இருக்கா ஒன்கிட்ட?"

"இருக்கு பாஸ். ஆனா அது..."

"ஆனா ஆவன்னா எல்லாம் அப்புறம். நானே பேசுறேன். ஒரு மேனேஜர் சொன்னாத்தான் இன்னொரு மேனேஜருக்கு உறைக்கும். போடு!"

விஷ்ணுப்ரியா ஆபிஸ் தொலைபேசியை இழுத்து, எண்களை அழுத்தி, ரிசீவரை அவர் கையில் கொடுத்தாள். மறுமுனையில் மணி அடித்தது.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையிலும் மணி அடித்தது.

"இந்த அண்ணன் வேற, உயிர எடுக்கறாரு!" பையிலிருந்து எடுத்து, திரையைப் பார்க்காமலே வெட்டி, மேசை மேல் கைப்பேசியைத் தூக்கிப் போட்டார். ரிசீவரில் மணி நின்றுவிட்டது.

"பாத்தியா, பாத்தியா! எடுக்காமலே வெட்டுறான்! எவ்வளவு திமிரு! இவன்கிட்ட மாட்டிக்கிட்ட வேப்பிலை பாவம்லா. திரும்பப் போடு!"

அவள் திரும்பப் போட்டாள்.

மேசை மேல் கிடந்த கைப்பேசி அதிர்ந்து அதிர்ந்து அவர் பக்கமாகவே நகர்ந்து வந்தது. திரையில் தம்புசாமியின் பெயர் இல்லை. அவருடைய சொந்த ஆபிஸின் நம்பர்தான் மின்னிக்கொண்டிருந்தது. காதில் ரிசீவரோடு சுகுமாறன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முதல் முறையாக அவர் குறுக்கே பேசவில்லை.

"எடுத்துப் பேசுங்க பாஸ்," என்றாள் விஷ்ணுப்ரியா, தன் மடிக்கணினியைத் திறந்தபடி. "வெள்ளிக்கிழம மத்தியானம் எனக்கு வேணும்னு சொல்லுங்க. நீங்க சொன்னா அவரு கேப்பாரு."