பூச்சி ஒட்டாத கார்

காலை ஆறே காலுக்குப் பல் டாக்டர் பழைய பிரஷ்ஷால் தன் புதுக் காரின் முகப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நேற்றுத் துடைத்த இடத்தில் இன்றும் செத்த பூச்சிகள். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

காருக்குப் பாதுகாப்புப் பூச்சு போட்டுக் கொடுத்த கோட்டிங் கடை திறந்ததும் காரோடு போய் நின்றார்.

“பூச்சியே ஒட்டாதுன்னியேப்பா?”

“ஹைவேல ஓட்டினா உடனே கழுவணும் டாக்டர்,” என்றார் கடைக்காரர்.

“ஹைவேயா? பூச்சிக்குப் பயந்து, வெளியூர் ஆஸ்பத்திரில கிடக்கிற மாமியாரையே நான் இன்னும் போய்ப் பாக்கலை. கிளினிக்குக்கு நடந்துதான் போறேன். வீட்டுக்காரி மார்க்கெட்டுக்கு எடுக்கறதோட சரி.”

“மார்க்கெட்டுல இவ்வளவு பூச்சி ஏது டாக்டர்?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சாவியை நீட்டினார். “வண்டி எங்க போகுது?”

“அம்மாவைப் பாக்க. தினமும்.” சாவியை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டினாள். “மாப்பிள்ளை ஏன் வரலைன்னு கேட்டுட்டே இருக்காங்க. பூச்சின்னு சொல்லட்டுமா?”