பழுப்பு உறை

"செத்தவளுக்கு எதுக்குப்பா ஊசி?"

மளிகைக் கடையில் உப்பு வாங்க நின்றபோது காதில் விழுந்தது. கேட்டவர் கடைக்காரர் அப்பாசாமி. எதிரே தபால்காரர் தியாகு.

"எனக்கென்ன தெரியும்? வாராவாரம் ஆஸ்பத்திரியிலேருந்து ஊசிக்கு வரச் சொல்லிப் பழுப்பு உறை வருது. கோகிலா, நாற்பத்து மூணாம் நம்பர், காஜா பெராங் ரோடு. கதவுக்கு அடியில தள்ளிட்டு ஓடி வந்துடறேன்."

"அந்த வீடு ஜப்பான்காரன் காலத்திலேருந்து பூட்டிக் கிடக்கே?"

"அதான் சொல்றேன். நேத்து பாதிதான் தள்ளினேன். மீதியை உள்ளேயிருந்து யாரோ இழுத்தாங்க."

அப்பாசாமி உப்பை எனக்கு இரண்டு முறை நிறுத்தார்.

அடுத்த வீட்டில்தான், நாற்பத்தைந்தாம் நம்பரில், முன்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்ததிலிருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தச் சுவருக்குள் யாரோ இருமினார்கள். பின்பக்கக் கால்வாய் ஓரத்தில் சில காலைகளில் ஈரப் பாதம் பதிந்திருக்கும். சிறிய பாதம்.

இருமல் கேட்டதும் வீட்டுக்காரி கமலவேணி அக்கா சாம்பிராணி போடுவார்.

"கோகிலாதான், டீச்சர். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்போ கூலி லயத்தை விட்டு விரட்டிட்டாங்க. பத்தொன்பது வயசு, தாய் தகப்பன் இல்லைன்னு நம்ம ஸ்டோர் ரூம்ல இடம் கொடுத்தேன். ரெண்டு மாசம் சோறு போட்டேன். ஒரு நாள் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா. ஆத்துல விழுந்து செத்துட்டாளாம். இவருதான் கேள்விப்பட்டு வந்து சொன்னாரு."

"அந்தக் கடிதம், அக்கா?"

"அந்த உறை எந்த வியாதிக்கு வரும்னு ஊருக்கே தெரியும். கண்ட இடத்துல படுத்தா வராம இருக்குமா? கழுதை. செத்தும் விடலை பாருங்க."

அக்காவின் கணவர் கருணாகரன் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, கோயில் கமிட்டியில் முக்கியமானவர்.

"ஆணி வாங்கி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை முன்கதவு, பின்கதவு ரெண்டுக்கும் பலகை அடிச்சிடறேன். அப்புறம் சத்தமே வராது."

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போனபின் தியாகு வந்தார். கையில் பழுப்பு உறை.

"தம்பி, அது பக்கத்து வீட்டுக்கு" என்று அக்கா இரண்டடி பின்வாங்கினார்.

"இல்லைக்கா. விலாசம் இந்த வீடுதான்."

படியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சைக்கிளில் ஏறிவிட்டார்.

"பேய் விலாசம் மாத்திக்கிச்சு டீச்சர்!" அக்கா இடுக்கியால் உறையைத் தூக்கி அடுப்பை நோக்கி நடந்தார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. நான் உறைமேல் இருந்த பெயரைப் படித்துவிட்டேன்.

"அக்கா, இது கோகிலாவுக்கு இல்லை."

"பின்னே?"

"கருணாகரன் அண்ணனுக்கு."

இடுக்கி அப்படியே நின்றது.

"பிரிச்சுப் படிங்க."

நான் தயங்கினேன். அவரே கிழித்து என் கையில் கொடுத்தார். தமிழில் சொன்னேன், என்னால் முடிந்தவரை மெதுவாக:

"எங்களிடம் சிகிச்சை பெறும் ஒருவர், தம்மோடு உறவு கொண்டவர் என்று தங்கள் பெயரைக் கூறியிருக்கிறார். தங்களுக்கும் நோய் தொற்றியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்கு வரவும். மணமானவராயின் மனைவியையும் அழைத்து வரவும்."

"இன்னொரு தடவை."

படித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். அக்கா சாம்பிராணியைத் தேடவில்லை.

"சொன்னது யாருன்னு போட்டிருக்கா?"

"இல்லை, அக்கா."

"போட வேண்டாம். நம்ம ஸ்டோர் ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, டீச்சர்."

அக்கா கால்வாயை ஒட்டி நடந்து நாற்பத்து மூன்றின் பின்கதவைத் தட்டினார். நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

"கோகிலா."

அக்கா மறுபடியும் தட்டினார்.

"அடியே, நான்தான். ஊசி இன்னும் எத்தனை பாக்கி?"

கதவு இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"நாலு, அக்கா. ஒரு வாரம் விட்டாலும் முதல்லேருந்து போடணுமாம். விலாசம் இல்லாட்டி கார்டு தரமாட்டேன்னாங்க. அதான் இந்த நம்பரை…"

"செவ்வாய்க்கிழமை நானும் வரேன். துணியை எடுத்துக்கிட்டு வெளியே வா."

சாயங்காலம் கருணாகரன் திரும்பியபோது அவருடைய பாயும் தலையணையும் நாற்பத்து மூன்றாம் வீட்டு வாசலில் இருந்தன. மேலே பழுப்பு உறை. அவர் அதை எடுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் கதவைத் தட்டினார். யாரும் திறக்கவில்லை.

உள்ளே கமலவேணி அக்கா, அவர் வாங்கி வைத்திருந்த ஆணிகளை எடுத்து, ஸ்டோர் ரூம் கதவின் உள்பக்கத்தில் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார்.