வசனம் யாரு?

"பாத்திரத்துல கரி அப்பிக்கிட்டிருக்கு. கழுவின லட்சணத்தைப் பாரு!" என்று சமையலறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க போனாலும் முதல்ல குத்தம்தான் கண்ணுல படுமா அத்தை உங்களுக்கு?" என்றாள் மருமகள்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற காப்பாட்சியர் நிம்மதியாக மூச்சு விட்டார். நல்லவேளை, சரியான நேரத்துக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

அது வீடல்ல, அருங்காட்சியகம். 'அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் சமையலறை' என்ற அந்தக் கூடத்துக்காக ஒரு வருடம் வீடு வீடாக அலைந்து, பரண் பரணாகத் தலையை விட்டு, தும்மித் தும்மிச் சாமான் சேர்த்திருந்தார் காப்பாட்சியர். கட்டடத்தை மூடிவிட்டு உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கலாம் என்று துறையில் யோசனை. அதை முடிவு செய்யத்தான் அதிகாரி வந்திருந்தார்.

வந்தவர் கல்வெட்டுக் கூடத்தில் கொட்டாவி விட்டார். ஓவியக் கூடத்தில் தூணில் சாய்ந்து கண்ணையே மூடிவிட்டார்.

வெறும் அடுப்பைக் காட்டினால் மனிதர் மசியமாட்டார் என்று தெரிந்துதான், காப்பாட்சியர் ஒரு நாடகக் குழுவுக்குப் போன் போட்டு நடிக்க இரண்டு பெண்களைக் கேட்டிருந்தார். ஆறு பக்க வசனத்தையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார். 'அத்தையே, இவ்வடுப்பு களிமண்ணால் ஆனதன்றோ!' என்று அது தொடங்கும்.

இதுவரை அதில் ஒரு வரிகூட வரவில்லை. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போதாக்குறைக்கு மாமியார் பாத்திரத்தை எடுத்து முந்தானையால் தேய்க்க ஆரம்பித்தாள். அறுபது வருடக் கரி! அந்தக் கரிக்கென்றே தனியாக ஒரு விளக்க அட்டை வேறு எழுதி வைத்திருந்தார்.

"இந்த மாதிரி அடுப்பை ஊதி ஊதியே எட்டுப் பேருக்குச் சமைச்சுப் போட்டவ நான்."

"எட்டுப் பேரும் தப்பிச்சது அவங்க ஆயுசு கெட்டி."

பின்னாலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம். அதிகாரி விழித்துக்கொண்டிருந்தார். கயிற்றருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"என் பிள்ளை உன்னைக் கட்டின நாள்லேர்ந்து எலும்பும் தோலுமா ஆயிட்டான்!"

"எலும்பும் தோலுமாவா? போன வாரம்தான் அவர் பேன்ட்டை ரெண்டு இஞ்ச் பிரிச்சுத் தைச்சேன்!"

"ஐயோ, எங்க வீடேதான்யா!" என்று அதிகாரி காப்பாட்சியரின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

மாமியாரின் குரல் சட்டென்று இறங்கியது. "என்னிக்காவது ஒரு நாள், 'சாப்டீங்களா அத்தை'ன்னு கேட்டிருக்கியா நீ?"

"நீங்க என்னைக் கேட்டிருக்கீங்களா?" என்றாள் மருமகள்.

மாமியார் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கயிற்றைத் தூக்கி, அதன் அடியில் குனிந்து வெளியே வந்தாள். வாசலில் மருமகள் அவள் முழங்கையைப் பிடித்து, "பாத்து, படி இருக்கு" என்றாள். பிடித்த கையை மாமியார் உதறவில்லை. இரண்டு பேரும் இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "வசனம் யாரு?"

காப்பாட்சியர் ஒரு நொடிதான் தயங்கினார். "அடியேன்தான் சார்."

"அந்தக் கடைசிக் கேள்வி இருக்கே..."

"அதுக்கு மட்டும் நாலு நாள் தூங்கல சார்."

அதிகாரி அங்கேயே ஃபைலைத் திறந்தார். 'மூட வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஞாயித்துக்கிழமை என் சம்சாரத்தையும் அம்மாவையும் கூட்டிட்டு வரேன். இதே மாதிரி நடக்குமா?"

"அச்சு அசலா இதேதான் சார். ஒரு எழுத்து பிசகாது."

அப்போது வியர்வையில் பவுடர் வழிய, மூச்சிரைக்க, இரண்டு பெண்கள் கூடத்துக்குள் ஓடி வந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க சார், பஸ்ஸே கிடைக்கல... மாமியார் மருமக வேஷத்துக்கு நாங்கதான், எங்க நிக்கணும்?"