வாயில் வைத்த விரல்

பல்லிக்கு வால் அறுந்தால் வலிப்பது பல்லிக்கா, வாலுக்கா என்று மகள் பூவரசி வகுப்பில் கேட்ட அன்றுதான் பள்ளிக்கூடத்திலிருந்து சந்தானத்தை வரச் சொன்னார்கள். “ஒரு பாடம் நடத்த விடமாட்டேங்குறா சார் உங்க பொண்ணு,” என்றார் இரண்டாம் வகுப்பு டீச்சர். நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நின்ற கோபத்தில், வாசலுக்கு வந்ததும் மகளின் சுட்டுவிரலைப் பிடித்து அவள் உதட்டின் மேலேயே அழுத்தி வைத்தான். “கேள்வி வந்தா விரல இப்படி வச்சுக்கணும். எடுக்கவே கூடாது.” பூவரசி சொன்ன சொல் தட்டாத பிள்ளை. ஆண்டு விழாவில் அவளுக்கு நல்லொழுக்கப் பரிசாக ஓர் எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்பாவோடு பஸ்ஸில் திரும்பியபோது, சிக்னலில் ஜன்னலை ஒட்டி ஒரு லாரி வந்து நின்றது. லாரியில் யானை. பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. சந்தானம் மட்டும் மகளைப் பார்த்தான். அவள் கண்கள் விரிந்தன, உதடுகள் லேசாகப் பிரிந்தன. உடனே விரல் தானாக எழுந்து வந்து அவற்றை மூடியது. “இவ்ளோ பெரிய யானைய எப்படிம்மா லாரில ஏத்தியிருப்பாங்க?” என்று அவனே கேட்டான். பச்சை விளக்கு விழுந்து லாரி நகர்ந்தது. பூவரசி இன்னொரு கையின் விரலை அப்பாவின் உதட்டில் மெல்ல வைத்தாள். “கொஞ்ச நாளைக்குக் கஷ்டமாத்தான்ப்பா இருக்கும்,” என்றாள் பிரியமாக. “அப்புறம் கேள்வியே வராது.”